உருப்படி ஒன்று

கெத்தை அணையின் கம்பித் தடுப்பில்
குப்பை வாருவது என் வேலை.
டர்பைனுக்குள் போகக்கூடாதவை எல்லாம்
என் கைக்கு வரும்:
சவுக்கு மிலார், பிராந்தி பாட்டில்,
ஒற்றைச் செருப்பு, ஊட்டிப் பிள்ளைகள் விட்ட பந்து,
ஒருமுறை ஒரு கடமான் கன்று.

ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள்
வாரியின் பல்லைச் சுற்றிக்கொண்டு
என் கால் நீளத்துக்கு ஒன்று ஏறி வந்தது.
"பாம்பு" என்று கிரேனிலிருந்து கத்தினார் போஜன்.
"மீன்" என்றேன்.
இரண்டுக்கும் நடுவில் கிடந்து
செவுளைத் திறந்து மூடியது அது.

பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்.
எங்களையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.
கண்டியில் இருந்தவரை இந்தியாக்காரன்,
கோத்தகிரிக்கு வந்தபின் சிலோன்காரன்.
அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிப் பிழைத்தார்.
விலாங்கு என்பது ஒரு வசவு என்றுதான்
விலாங்கைப் பார்க்கும்வரை நினைத்திருந்தேன்.

போன வருஷமும் ஒன்று மாட்டியது.
மஞ்சள் வயிறு, கடுகுக் கண்,
தவளை தின்று பருத்த தாடை.
இது வேறு மாதிரி.
முதுகு கறுத்து, அடிவயிறு
புதிதாய் ஈயம் பூசிய சட்டி போல வெளுத்து,
கண் மட்டும்
முகத்துக்கு அடங்காமல் பெரிசாக.

மலையோடையில் கூழாங்கல் பார்க்க
இவ்வளவு கண் எதற்கு?

ஜே.ஈ. ஞானாபரணம் தரங்கம்பாடிப் பையன்,
வேலைக்கு வந்து எட்டு மாதம்.
குடையை மடக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான்.
"இது கிளம்பிடுச்சுக்கா."

பிறந்தது கடலிலாம்.
வேப்பிலை அளவு, அதைவிட மெலிசு.
பேப்பர் மேல் வைத்தால்
அடியில் இருக்கும் செய்தியைப் படிக்கலாம்.
ஒளிய இடமில்லாத தண்ணீரில்
நிறமே இல்லாமல் ஒளிந்திருக்கும்.
முகத்துவாரம் வந்ததும் இலை சுருண்டு நூலாகும்.
நூலுக்கு நிறம் ஏறும்.
கல்லணை, மேலணை, கொடிவேரி, பவானிசாகர், பில்லூர்.
எங்கே சுவர் கசிகிறதோ
அங்கே வயிற்றை ஒட்டி ஏறும்.
"இத்தனையுமா?"
அவனுக்குத் தெரியவில்லை.
அணை கட்டியவர்களுக்கும் தெரிந்திராது.

இருபது வருஷம் சேற்றில் குடியிருந்துவிட்டு
ஏதோ ஒரு மழையில் அதற்குப் புரிகிறது.
முதலில் கண் போகிறது கடலுக்கு;
ஆழத்து இருட்டை இங்கேயே பழகிக்கொள்கிறது.
பிறகு குடல் சுருங்குகிறது, இனி தீனி இல்லை,
சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு.
உடம்பு கடைசியில்தான்,
வழி இருந்தால்.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வரை
அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.
அதனால் கடலைப் பற்றி
எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

போஜன் மிளகாய்த்தூள் கணக்குப் போட்டார்.
இரண்டு கிலோ தேறும்.
நான் பெயிண்ட் வாளி தேடினேன்.

"வாளியில என்னம்மா?"
"மீன்."
"உயிரோடயா?"
கண்டக்டர் கொஞ்சம் யோசித்து
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
தண்ணீர் என் மடியில் தளும்பியது.
வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும்
பள்ளம் இருந்த பக்கமே மூக்கை வைத்தது அது.
எனக்கு அப்படித் தோன்றியது.

காரமடையில் பஸ் மாறி,
மேட்டுப்பாளையம் பாலத்துக்குக் கீழே
துணி துவைக்கிற கல்லில் வாளியைச் சாய்த்தேன்.
திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.
எண்ணெய் வழிவது போல இறங்கிப் போய்விட்டது.

கெத்தை, பரளி, பில்லூர்
மூன்றையும் நான் கழித்துக் கொடுத்தேன்.
மீதி அதன் பாடு.

அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.
மறுநாள் கம்பியில் ஒரு சிவப்புப் பந்து.

டிக்கெட்டை மட்டும் வைத்திருக்கிறேன்.
மழையில் மை கலங்கினாலும் படிக்கலாம்:
கெத்தை முதல் காரமடை வரை,
உருப்படி ஒன்று.